0.1 நார்மல் ஆம்பூல் தொகுப்பு: கரைசலை நம்பலாம், சமான எடை அட்டவணையை நம்ப வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆம்பூல் தொகுப்பை வாங்கலாம். கரைசல்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சமான எடை அட்டவணையை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அப்புறம் ஆம்பூலைத் திறங்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஒரு பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை செய்கிறேன். அமிலம், காரம், தண்ணீர், உலோக உப்புகள் என்று நாள் முழுக்க டைட்ரேஷன்தான், அதாவது செறிவு தெரிந்த கரைசலைப் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, வினை முடிய எவ்வளவு இறங்கியது என்று பார்த்து அளவிடுவது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பியூரெட் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் என் பொறுப்பு. அதனால் இந்தத் தொகுப்பை இரண்டு கண்ணோட்டத்தில் பார்த்தேன். வேலைக்கு உதவுகிறதா? கற்றுக்கொள்கிறவரைச் சரியான வழியில் விடுகிறதா? முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

தெரியாதவர்களுக்காகப் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆம்பூலிலும் ஒரு வேதிப்பொருளின் அடர் கரைசல், அளந்து அடைத்து மூடப்பட்டிருக்கிறது. அதை முழுவதும் ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் இறக்கி, காய்ச்சி வடித்த நீரால் குறி வரை நிரப்பினால் 0.1 நார்மல் கரைசல் தயார். ஒரு லிட்டரில் எத்தனை சமான எடைப் பொருள் கரைந்திருக்கிறது என்பதுதான் நார்மாலிட்டி; சமான எடை என்றால் என்ன என்று கீழே வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலம், கந்தக அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு, ஆக்சாலிக் அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட், பொட்டாசியம் டைகுரோமேட், சோடியம் தயோசல்ஃபேட், பொட்டாசியம் அயோடேட், வெள்ளி நைட்ரேட் என்று அன்றாடம் தேவைப்படுகிறவை எல்லாம் இருக்கின்றன. உலோக அயனிகளைப் பிடித்துக் கட்டும் இ.டி.டி.ஏ. மட்டும் மோலார் கணக்கில், அதாவது லிட்டருக்கு எத்தனை மோல் என்ற கணக்கில் வருகிறது. அது சரியான முடிவு, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

திறக்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆம்பூலின் கீழ்ப்பக்கம் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. புனலில் நிறுத்தி, கூடவே வரும் கம்பியால் மேலும் கீழும் துளைத்தால் கரைசல் தானாக இறங்குகிறது. அப்புறம் கழுவும் குப்பியால் உள்சுவரைச் சுற்றிச் சுற்றி அலச வேண்டும். பெர்மாங்கனேட்டில் இது நன்றாகத் தெரியும்: முதல் அலசலில் கருஊதாவாக ஒழுகும், அடுத்ததில் இளஞ்சிவப்பு, அதற்கடுத்து நிறமே இல்லாத தண்ணீர். நிறமற்ற கரைசல்களில் எப்போது போதும் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பெர்மாங்கனேட்டில் எத்தனை அலசல் ஆயிற்றோ அதற்கு மேல் ஒன்று சேர்த்து மற்றவற்றுக்கும் செய்யுங்கள் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, செறிவு எவ்வளவு நம்பகம்? நான் முதன்மைத் திட்டப் பொருட்களை, அதாவது எடை போட்டாலே அளவை நம்பிவிடலாம் என்ற அளவுக்குச் சுத்தமும் நிலைத்தன்மையும் உள்ள பொருட்களை வைத்துப் பார்த்தேன். சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட். இதன் மோலார் நிறை 204.22, ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் கொடுக்கும், எனவே சமான எடையும் 204.22. 0.5106 கிராம் எடுத்தால் 0.1 நார்மல் காரம் 25.00 மி.லி. இறங்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு உலர்த்திய சோடியம் கார்பனேட், பெர்மாங்கனேட்டுக்குச் சோடியம் ஆக்சலேட். ஆக்சலேட்டின் மோலார் நிறை 134.00, இரண்டு எலக்ட்ரான் கொடுக்கும், சமான எடை 67.00, ஆகவே 0.1675 கிராமுக்கு 25 மி.லி. எல்லாமே பியூரெட்டின் வாசிப்புத் துல்லியத்துக்குள் அடங்கின. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். அளவுக் குடுவையில் 20 டிகிரி என்று பொறித்திருப்பதை யாரும் படிப்பதில்லை. 20 டிகிரியில் நிரப்பிய நீர்க்கரைசல் 30 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய கால் சதவீதம் விரிந்துவிடும். வெயில் விழும் ஜன்னலோரம் குடுவையை வைத்துவிட்டு ஆம்பூல் தரம் சரியில்லை என்று புகார் எழுதுவது நியாயம் இல்லை.

இனி லேபிளுக்கு வருகிறேன். பெர்மாங்கனேட் ஆம்பூலில் பெரிய எழுத்தில் 0.1 நார்மல் என்று இருக்கிறது. அவ்வளவுதான். எந்த வினைக்கு 0.1 நார்மல் என்று எங்கும் இல்லை. உள்ளே இருக்கும் அட்டவணையிலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு நேராக 31.6 என்று ஒரே ஒரு எண்.

சமான எடை என்பது ஒரு பொருளோடு பிறந்து வரும் எண் இல்லை. மோலார் நிறை அப்படிப்பட்டது. பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை எந்தப் பாத்திரத்தில் இருந்தாலும் 158.03தான். சமான எடையோ, அந்தப் பொருள் இந்த வினையில் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. அமில கார வினை என்றால் ஒரு மோல் ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கவோ வாங்கவோ எத்தனை கிராம் தேவை என்பது. ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை என்றால் ஒரு மோல் எலக்ட்ரானுக்கு எத்தனை கிராம் என்பது. வினை மாறினால் எண் மாறும்.

பெர்மாங்கனேட் இதற்கு நல்ல சாட்சி. கந்தக அமிலம் போதுமான அளவு இருக்கும்போது அது மாங்கனஸ் அயனியாகிறது. மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7-இலிருந்து +2-க்கு இறங்குகிறது, ஐந்து எலக்ட்ரான் வாங்குகிறது, சமான எடை 31.61. நடுநிலை அல்லது மெல்லிய கார ஊடகத்தில் பழுப்பு நிற மாங்கனீஸ் டைஆக்சைடோடு நின்றுவிடுகிறது. மூன்று எலக்ட்ரான், சமான எடை 52.68. நல்ல அடர்காரத்தில் பச்சை நிற மாங்கனேட் வரைதான் போகும். ஒரு எலக்ட்ரான், சமான எடை 158.03. ஊதா மறைந்து நிறமற்றுப் போகிறதா, பழுப்பாகக் கலங்குகிறதா, பச்சையாகிறதா என்று குடுவையைப் பார்த்தாலே எந்த எண் என்று தெரிந்துவிடும். அதே குப்பி, அதே கரைசல். லேபிளில் இருக்கும் 0.1 நார்மல் இந்த மூன்றில் முதலாவதற்கு மட்டும் பொருந்துகிறது.

இது வெறும் வாதம் இல்லை. எங்கள் கூடத்தில் ஒரு பையன் மாங்கனீஸ் அளவிடும் வேலையைச் செய்துகொண்டிருந்தான். துத்தநாக ஆக்சைடு போட்டு, கரைசலைச் சூடாக வைத்து, நடுநிலைக்கு அருகில் பெர்மாங்கனேட்டை விடும் பழைய முறை. அங்கே இரண்டு பெர்மாங்கனேட்டும் மூன்று மாங்கனஸ் அயனியும் சேர்ந்து ஐந்து மாங்கனீஸ் டைஆக்சைடு ஆகின்றன. சரிபார்க்க வைக்கும், அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியில் 30 மி.கி. மாங்கனீஸ் இருந்தது. அவனுக்கு 18.2 மி.லி. இறங்கியது. லேபிளைப் பார்த்து 0.1 என்று போட்டுக் கணக்குப் பண்ணினான். 50 மி.கி. வந்தது.

"மேடம், மறுபடியும் பண்ணிட்டேன், அதே 18.2தான் வருது. மாதிரிதான் தப்பா இருக்கும் போல" என்றான்.

"மாதிரியை விடுப்பா. பெர்மாங்கனேட் இங்க எத்தனை எலக்ட்ரான் வாங்குதுன்னு முதல்ல எழுது" என்றேன்.

அவன் எழுதினான். மாங்கனீஸ் டைஆக்சைடில் நிற்கிறது, மூன்று. ஆம்பூலில் இருப்பது லிட்டருக்கு 3.161 கிராம், அதாவது 0.02 மோலார். ஐந்தால் பெருக்கினால் 0.1 நார்மல், மூன்றால் பெருக்கினால் 0.06 நார்மல். 0.06-ஐப் போட்டதும் அவனுடைய 50 மி.கி. சரியாக 30 மி.கி. ஆனது. டைட்ரேஷனில் கை சுத்தமாகத்தான் வேலை செய்திருக்கிறது. தடுமாறியது லேபிளை முழுசாக நம்பிய இடத்தில்.

இப்படி ஒரு பிழையில் முடிவு ஐந்துக்கு மூன்று என்ற விகிதத்தில் ஏறிவிடும். இவ்வளவு பெரிதாக இருந்தால் கண்ணில் படும். கட்டுப்பாட்டு மாதிரி வைக்காத இடத்தில் அது கூடத் தெரியாமல் அறிக்கையில் போய்விடும். ஒரு லேபிளில் "0.02 மோலார்" என்ற இரண்டு சொல்லைச் சேர்க்க எவ்வளவு இடம் பிடிக்கும்? மோலாரிட்டி வினையைப் பார்க்காது. அதை எழுதிவிட்டால், வினைக்கேற்ற பெருக்கலை வேலை செய்கிறவர் பார்த்துக்கொள்வார்.

அட்டவணையின் மற்ற வரிகளைப் பார்த்தால் எனக்கு இன்னும் வருத்தம். பாஸ்பாரிக் அமிலத்துக்கு 32.67 என்று போட்டிருக்கிறார்கள். மோலார் நிறை 98.00, மூன்று ஹைட்ரஜன், மூன்றால் வகுத்துவிட்டார்கள். வாய்ப்பாடு போலச் செய்த வேலை. நிஜத்தில் சாதாரணக் காரத்தோடு பியூரெட்டில் அந்த மூன்றாவது ஹைட்ரஜன் கிடைக்கவே கிடைக்காது. ஹைட்ரஜன் பாஸ்பேட் அயனி அவ்வளவு வலுவற்ற அமிலம், அங்கே நிறமாற்றத்துக்கு வேண்டிய, கரைசலின் pH-இல் திடீர்த் தாவல் வராது. ஒரு மில்லிமோல் பாஸ்பாரிக் அமிலத்தை எடுத்து 0.1 நார்மல் காரத்தை விடுங்கள். வினை முடிவதை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சைப் போட்டால் 10 மி.லி.யில் முடியும். அங்கே சமான எடை 98.00. தைமால்ஃப்தலீன் என்ற இன்னொரு நிறங்காட்டியில் 20 மி.லி.யில் முடியும். அங்கே 49.00. அட்டவணை சொல்லும் 32.67-க்கு 30 மி.லி. வேண்டும். அந்த 30-ஐ எந்த நிறங்காட்டியும் காட்டாது. கால்சியம் குளோரைடைச் சேர்த்து பாஸ்பேட்டை வீழ்படிவாக இறக்கினால் மூன்றாவது ஹைட்ரஜனையும் வெளியே கொண்டுவரலாம், ஆனால் அது வேறு செய்முறை. அட்டவணை அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சோடியம் கார்பனேட்டும் இதே கதை. ஒரு மில்லிமோல், அதாவது 0.1060 கிராம். ஃபினால்ஃப்தலீன் நிறம் 0.1 நார்மல் அமிலத்தின் 10 மி.லி.யில் போய்விடும், மெத்தில் ஆரஞ்சு 20 மி.லி.யில் மாறும். முதலாவதில் பைகார்பனேட் வரை, சமான எடை 105.99. இரண்டாவதில் கார்பானிக் அமிலம் வரை, 52.99. அட்டவணையில் 53 மட்டும் இருக்கிறது. பெரும்பாலும் அதுதான் தேவைப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மெத்தில் ஆரஞ்சு" என்று பக்கத்தில் ஒரு சொல் போட்டிருக்கலாம்.

இந்தக் கார்பனேட் விஷயம் சோடியம் ஹைட்ராக்சைடு ஆம்பூலை நேரடியாகப் பாதிக்கிறது. நிரப்பிய குப்பியை அடிக்கடி திறந்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை அது இழுத்துக்கொள்ளும். இரண்டு ஹைட்ராக்சைடு போய் ஒரு கார்பனேட் வரும். மெத்தில் ஆரஞ்சில் பார்த்தால் அந்தக் கார்பனேட் இரண்டு ஹைட்ரஜனை ஏற்கும், ஆகவே செறிவு குறைந்ததாகவே தெரியாது. ஃபினால்ஃப்தலீனில் ஒன்றைத்தான் ஏற்கும், ஆகவே குறைந்து தெரியும். ஒரே குப்பிக்கு இரண்டு நார்மாலிட்டி, நிறங்காட்டியைப் பொறுத்து. தொகுப்பைக் குறை சொல்ல முடியாது, காரத்தின் குணம் அப்படி. கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும் சோடா லைம் குழாய் பொருத்திய மூடியோடு வையுங்கள். எந்த நிறங்காட்டியில் தரம் பார்த்தீர்களோ அதே நிறங்காட்டியில் மாதிரியையும் பாருங்கள்.

தயோசல்ஃபேட் ஆம்பூல் எனக்கு மிகவும் பிடித்தது. அயோடினோடு அது டெட்ராதயோனேட்டாகிறது, ஒரு மூலக்கூறுக்கு ஒரு எலக்ட்ரான், ஐந்து நீர் மூலக்கூறோடு சேர்ந்த படிகத்துக்கு 248.18 என்பதே சமான எடை. லிட்டருக்கு 24.82 கிராம். கூடங்களில் தயோசல்ஃபேட் என்றாலே அயோடின் என்று ஆகிவிட்டதால் இந்த லேபிளால் தொல்லை குறைவு. ஆனால் அதே தயோசல்ஃபேட்டை மிகையான குளோரின் நீரிலோ புரோமின் நீரிலோ விட்டால் சல்ஃபேட் வரை போகும். அப்போது எட்டு எலக்ட்ரான், சமான எடை வெறும் 31.02. தண்ணீரில் குளோரினை அளக்கிறவர்கள் ஏன் நேரடியாகத் தயோசல்ஃபேட்டை விடாமல் பொட்டாசியம் அயோடைடு சேர்த்து அயோடினை வெளிவரச் செய்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. குளோரின் நேராகத் தாக்கினால் எந்த இடத்தில் நிற்கும் என்று உறுதி இல்லை. அயோடின் ஒரே இடத்தில் நிற்கிறது.

அயோடேட் ஆம்பூலில் லேபிள் மறுபடி சறுக்குகிறது. அமிலமும் அயோடைடும் சேர்ந்த கரைசலில் ஒரு அயோடேட் மூன்று அயோடினைத் தருகிறது, அது ஆறு தயோசல்ஃபேட்டைக் கேட்கிறது. எனவே 214.00-ஐ ஆறால் வகுத்து 35.67. ஆம்பூலில் இருப்பது இந்தக் கணக்குப்படி. அதே அயோடேட்டை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டு, அயோடின் மோனோகுளோரைடில் முடிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அங்கே நான்கு எலக்ட்ரான், சமான எடை 53.50. அப்போது உங்கள் 0.1 நார்மல் கரைசல் 0.0667 நார்மல். இந்த முறையைச் செய்கிறவர்கள் குறைவுதான். குறைவாகச் செய்கிற வேலையில்தான் லேபிளைப் பார்த்து நம்புவோம்.

வெள்ளி நைட்ரேட் குளோரைடோடு ஒன்றுக்கு ஒன்று, அதில் பேச ஒன்றுமில்லை. சயனைடை அளக்கும் பழைய முறையில் மட்டும் ஒரு வெள்ளி அயனி இரண்டு சயனைடைப் பிடித்துக்கொள்ளும், கவனம். இ.டி.டி.ஏ. விஷயத்தில் இவர்கள் மோலார் என்று போட்டது நல்ல காரியம். அது கால்சியமோ அலுமினியமோ எதுவானாலும் ஒன்றுக்கு ஒன்றாகத்தான் கட்டும். அயனியின் மின்சுமையை வைத்து நார்மாலிட்டி எழுதினால் ஒருவர் இரண்டால் பெருக்குவார், இன்னொருவர் பெருக்க மாட்டார். 0.01 மோலார் இ.டி.டி.ஏ. ஒரு மி.லி.க்கு கால்சியம் கார்பனேட்டாக ஒரு மி.கி. கடினத்தன்மை, முடிந்தது கணக்கு. இந்தத் தெளிவை மற்ற ஆம்பூல்களுக்கும் ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் புரியவில்லை.

பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க நான் கையில் எடுப்பது பொட்டாசியம் டெட்ராக்சலேட். தொகுப்பில் இது இல்லை, சேர்த்தால் நன்றாக இருக்கும். முதலில் ஆக்சாலிக் அமில ஆம்பூலை வைத்து ஆரம்பிப்பேன். நீரேறிய ஆக்சாலிக் அமிலத்தின் மோலார் நிறை 126.07. அமிலமாக இரண்டு ஹைட்ரஜன் கொடுக்கும், பெர்மாங்கனேட்டிடம் இரண்டு எலக்ட்ரான் கொடுக்கும். இரண்டு வழியிலும் 63.03. பிள்ளைகள் இரண்டு டைட்ரேஷனும் செய்து, இரண்டிலும் ஒரே அளவு இறங்குவதைப் பார்த்து, சமான எடை நிலையான எண் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் டெட்ராக்சலேட்டைக் கொடுப்பேன். 0.2542 கிராம், ஒரு மில்லிமோல். காரத்தோடு ஃபினால்ஃப்தலீனில் 30 மி.லி. இறங்கும். மூன்று ஹைட்ரஜன், சமான எடை 84.73. அதே எடையைச் சூடான கந்தக அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட்டோடு பார்த்தால் 40 மி.லி. இறங்கும். இரண்டு ஆக்சலேட், நான்கு எலக்ட்ரான், சமான எடை 63.55. முதல் சில சொட்டு பெர்மாங்கனேட் நிறம் மாற நேரம் எடுக்கும். கொஞ்சம் மாங்கனஸ் அயனி உருவான பிறகு வேகம் பிடிக்கும், அந்த வேகத்தில் பியூரெட்டைத் திறந்துவிடாமல் பொறுமையாக விட வேண்டும். 30-ஐயும் 40-ஐயும் தங்கள் நோட்டில் அடுத்தடுத்து எழுதிய பிள்ளைக்கு அப்புறம் நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு சிக்கல் என்றால் நார்மாலிட்டியையே விட்டுவிடலாமே என்று கேட்பார்கள். வேதியியல் பெயர்களையும் அலகுகளையும் வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசி அதைத் தவிர்க்கவே சொல்கிறது, பாடப் புத்தகங்களும் மோலாரிட்டிக்கு மாறிவருகின்றன. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சமானம் என்ற எண்ணம் வேதியியலில் அணுவை எண்ணத் தெரிவதற்கு முன்பே வந்தது. 1767-இல் ஹென்றி கேவண்டிஷ் ஒரே அளவு அமிலத்தை நடுநிலையாக்கும் வெவ்வேறு காரங்களின் எடைகளைச் சமானம் என்று சொன்னார். 1792-இல் ஜெரமியாஸ் ரிக்டர் அமிலங்களும் காரங்களும் எந்த எடை விகிதத்தில் சேர்கின்றன என்று வரிசையாக அளந்து எழுதத் தொடங்கினார். 1814-இல் வில்லியம் வோலஸ்டன் இந்த எண்களையெல்லாம் ஒரு நகரும் அளவுகோலில் பொறித்தார். ஆக்சிஜனுக்கு 10 என்று வைத்து, சட்டத்தை நகர்த்தினால் ஒரு உப்பின் இவ்வளவு எடைக்கு இன்னொன்றின் எவ்வளவு எடை வேண்டும் என்று கணக்கில்லாமலே படித்துவிடலாம். சமன்செய்த சமன்பாடு இல்லாத காலத்தில் அவர்கள் தராசை மட்டும் நம்பி இந்த எண்களை எடுத்தார்கள்.

ஃபாரடே மின்சாரத்தை வைத்து அதையே காட்டினார். ஏறக்குறைய 96,485 கூலும் மின்னூட்டம் வெள்ளிக் கரைசல் வழியே போனால் 107.87 கிராம் வெள்ளி படியும், குப்ரிக் உப்பின் வழியே போனால் 31.77 கிராம் செம்பு படியும். செம்பு இரண்டு எலக்ட்ரான் வாங்குகிறது, ஆகவே 63.55-இல் பாதி. குப்ரஸ் உப்பாக இருந்தால் முழு 63.55. இங்கேயும் பொருள் செம்புதான், வினைதான் வேறு.

வேலை செய்கிற இடத்தில் நார்மாலிட்டியின் வசதி பெரிது. ஒரு சமானம் எப்போதும் ஒரு சமானத்தோடுதான் வினைபுரியும். டைகுரோமேட்டும் இரும்பும் ஒன்றுக்கு ஆறா, பெர்மாங்கனேட்டும் ஆக்சலேட்டும் இரண்டுக்கு ஐந்தா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்காமல், நார்மாலிட்டியைக் கன அளவால் பெருக்கி இரண்டு பக்கமும் சமம் என்று எழுதிவிடலாம். இது சந்தையில் தராசின் இரண்டு தட்டையும் ஒரே முள்ளுக்குக் கொண்டுவருவது மாதிரி. நாளெல்லாம் ஒரே வினையைத் திரும்பத் திரும்பச் செய்கிற கூடத்தில் இந்த வசதி நேரத்தை மிச்சப்படுத்துகிறது, தவறையும் குறைக்கிறது. ஆனால் அந்த வசதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்த வினை என்று சொல்லிவிட்டுத்தான் நார்மாலிட்டி சொல்ல வேண்டும். அந்த நிபந்தனையை மறந்த லேபிளைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஆகவே எங்கள் கூடத்தில் இந்த ஆம்பூல்களைத் திறந்ததும் குப்பியில் நாங்களே ஒரு சீட்டு ஒட்டுகிறோம். பெர்மாங்கனேட்டில் "0.02 மோலார். அமில ஊடகம், ஐந்து எலக்ட்ரான், 0.1 நார்மல். நடுநிலையில் மூன்று எலக்ட்ரான், 0.06 நார்மல்" என்று இருக்கும். டைகுரோமேட்டில் "0.01667 மோலார், அமில ஊடகம், ஆறு எலக்ட்ரான்". அயோடேட்டில் "ஆறுக்கு 0.1, நான்குக்கு 0.0667". கீழே தரம் பார்த்த தேதி, பயன்படுத்திய முதன்மைத் திட்டப் பொருள், நிறங்காட்டி. தயாரிப்பாளரே இதை அச்சடித்துக் கொடுத்திருந்தால் இந்த விமர்சனத்தில் பாதி இருந்திருக்காது. கருத்துப் படிவத்தில் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

யாருக்கு இந்தத் தொகுப்பு பொருந்தும்? தினமும் நிறைய மாதிரிகள் பார்க்கிற கூடம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். எடை போட்டு, கரைத்து, வடிகட்டி, தரம் பார்க்கும் நேரத்தில் பெரும்பகுதி மிச்சமாகும். மாணவர்களுக்கான கூடம் என்றால் எல்லாவற்றையும் ஆம்பூலாக வாங்காதீர்கள். ஆக்சாலிக் அமிலத்தையும் சோடியம் கார்பனேட்டையும் பிள்ளைகளே எடை போட்டுக் கரைக்கட்டும். லிட்டருக்கு 6.303 கிராம் என்ற எண்ணைத் தாங்களே வகுத்து எடுத்து, தராசில் அந்த எடையைப் பார்த்த பிள்ளைக்குச் சமான எடை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சவ்வைக் கம்பியால் துளைத்து ஊற்றிய பிள்ளைக்கு அது லேபிளிலிருந்து வருவதாகத்தான் தோன்றும்.

பெர்மாங்கனேட் ஆம்பூலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஆம்பூலில் வந்தாலும் தரம் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். நிரப்பும் நீரில் கரிமத் தூசு துளி இருந்தாலும் மாங்கனீஸ் டைஆக்சைடு உருவாகும், உருவான அந்த டைஆக்சைடே மேலும் சிதைவைத் தூண்டும். சின்டர்டு கண்ணாடி வடிகட்டியில் வடித்து, பழுப்புக் குப்பியில் இருட்டில் வையுங்கள். வடிகட்ட ஃபில்டர் பேப்பர் வேண்டாம், காகிதத்தையே அது ஆக்சிஜனேற்றிவிடும். எப்படியும் இவ்வளவு செய்ய வேண்டும் என்பதால், பெர்மாங்கனேட்டுக்கு ஆம்பூல் பெரிய லாபம் என்று எனக்குப் படவில்லை. டைகுரோமேட்டும் அப்படித்தான், ஆனால் காரணம் நேர்மாறு: அது அவ்வளவு சுத்தமாகவும் நிலையாகவும் கிடைக்கிற பொருள், 4.903 கிராம் எடை போட்டுக் கரைத்தாலே போதும்.

அடுத்த முறை ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு, தயோசல்ஃபேட், வெள்ளி நைட்ரேட் இந்த நான்கை மட்டும் வாங்கப்போகிறேன். டைகுரோமேட்டையும் அயோடேட்டையும் உலர்த்தி நாங்களே எடை போட்டுக்கொள்வோம்.